ரெய்டு வருது... பதறாதீங்க!

உங்க பென் டிரைவ் எத்தனை ஜிபி பாஸ்? அட்டையில 64-ன்னு போட்டிருக்கும். கம்ப்யூட்டர்ல செருகிப் பார்த்தா 59 சொச்சம்தான் காட்டும். 'கடைக்காரன் ஏமாத்திட்டான்யா!'ன்னு ஒரு நிமிஷம் மனசு பொங்கும். அப்புறம் பாட்டு காப்பி பண்ற அவசரத்துல மறந்துடுவீங்க.

இதே கேள்வியை, லட்சக்கணக்கில் செலவு செய்த ஒரு ஆஸ்பத்திரி மேனேஜர் உங்க முன்னாடி நின்னு கேட்டா? "64 டெரா பைட்டுக்குப் பணம் கட்டியிருக்கேன். ஸ்கிரீன்ல 36 காட்டுது. மீதி 28 எங்கேம்மா?"

நியாயமான கேள்விதான். அந்த 28 எங்கே போச்சுன்னு சொல்லத்தான் இந்தப் பக்கத்தில் இடம் பிடித்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையா வாங்க.

முதல்ல ஒரு சின்ன அறிமுகம். மூன்றாம் ஆண்டு ஈ.சி.இ. மாணவி. வயது இருபது. செமஸ்டர் லீவில் இன்டர்ன்ஷிப் போனேன். இன்டர்ன்ஷிப்னா ஏசி ரூம், சுழல் நாற்காலி, காபி மெஷின்னு கனவு கண்டிருந்தேன். கிடைத்தது ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஸ்கூட்டியின் பின் சீட்டும்! மதுரையில் ஒரு சின்ன கம்பெனி அது. ஸ்கூல், மில், ஆஸ்பத்திரின்னு கேட்கிறவங்களுக்கெல்லாம் சர்வர் மாட்டிக் கொடுப்பார்கள். ஸ்கூட்டியின் முன் சீட்டில் எங்க டீம் அக்கா. எட்டு வருஷமா இதே வேலை. டிஸ்க் சுத்துற சத்தத்தைக் கேட்டே ஜாதகம் சொல்லும் ரகம்.

நாங்கள் போன ஆஸ்பத்திரி, மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில். பேர் வேண்டாமே. அங்கே எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எடுத்தால் ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடுவதில்லை. படமெல்லாம் ஒரு சர்வரில் போய் உட்கார்ந்துவிடும். டாக்டர் தன் ரூமிலிருந்தே கூப்பிட்டுப் பார்ப்பார். சிடியில் ஒரு படம் பொதுவாக 512-க்கு 512 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ரெண்டு பைட். பெருக்கிப் பாருங்க, ஒரு படத்துக்கு அரை எம்பி. ஒருத்தரோட நெஞ்சை ஒரு முறை ஸ்கேன் பண்ணினால் இந்த மாதிரி முந்நூறு, நானூறு படம் வரும். ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தா? அதனாலதான் பழைய சர்வர் திணறி, புதுசு வாங்கியிருந்தார்கள்.

(இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஆஸ்பத்திரிக்குள்ள போய் "இங்க மொத்தம் எத்தனை டிபி இருக்கு?"ன்னு கேட்காதீங்க. அக்கா கேட்டார். "அது பின்கட்டிடத்துல, செகண்ட் ஃப்ளோர் வார்டு"ன்னு நர்ஸ் வழிகாட்டினார். அன்னையிலேர்ந்து எங்க வாயில டெரா பைட்டுன்னு முழுப் பேர்தான்.)

'பழைய படம் எதுக்குப்பா? ஸ்கேன் எடுத்தாச்சு, வைத்தியம் பார்த்தாச்சு, அழிச்சுட வேண்டியதுதானே?' நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே இருந்த ரேடியாலஜி டாக்டர்தான் விளக்கினார். நுரையீரல்ல ஒரு சின்னப் புள்ளி தெரியுதுன்னு வைங்க. மூணு வருஷம் முன்னாடி எடுத்த சிடியிலும் அதே இடத்தில், அதே அளவில் அது இருந்தால் அவருக்குப் பெரும்பாலும் நிம்மதி. பழைய படம் இல்லைன்னா, சில மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன். சில பேருக்கு ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கிற பயாப்சி. அதுவரைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. சட்டமும் சும்மா விடவில்லை. 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் விதிகள்படி, உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்று வருஷமாவது வைத்திருக்க வேண்டும்.

ஆக, நாங்கள் இடம் மாற்ற வேண்டியது வெறும் ஃபைல் இல்லைங்க. யாரோ ஒரு அம்மாவின் பழைய புள்ளி.

சர்வர் ரூம்னு ஒரு கதவைத் திறந்து காட்டினார்கள். உடைந்த வீல்சேர், தீபாவளி சீரியல் செட், நடுவில் பழைய சர்வர். நாலு டிஸ்க், ஒவ்வொன்றும் 2 டெரா பைட். மூணில் பச்சை விளக்கு. ஒண்ணில் ஆரஞ்சு. அக்கா அப்படியே குனிந்து பார்த்தார். அப்புறம் ஆபீஸுக்கு போன் போட்டு, "சார், இங்க ரெய்டு உடைஞ்சு கிடக்கு"ன்னார். பக்கத்து ரூம் அக்கவுண்டன்ட் எழுந்து நின்னுட்டார்!

அவர் நினைத்த ரெய்டு வேற. இந்த ரெய்டு 1988-ல் பிறந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்று மூணு பேர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அந்தக் காலத்தில் பெரிய கம்ப்யூட்டருக்குன்னு யானை விலையில் ஒரே ஒரு பெரிய டிஸ்க் வாங்குவது வழக்கம். அதுக்குப் பதிலா பிசிக்கு வர்ற மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டமா சேர்த்தா என்னன்னு யோசித்தார்கள். வேகம் கிடைக்கும். ஆனா நூறு டிஸ்க் வச்சா, அடிக்கடி எதாவது ஒண்ணு மண்டையைப் போடுமே? அதுக்கும் அதே கட்டுரையில் அஞ்சு விதமா வழி சொன்னார்கள். 'மலிவான' டிஸ்க்குகளின் கூட்டம் என்றுதான் ரெய்டுக்கு விரிவாக்கமே வைத்தார்கள். விற்க வந்த கம்பெனிகளுக்கு அந்த 'மலிவான' பிடிக்குமா? பின்னாளில் அது 'தனித்தனியான' என்று மாறிப்போனது!

வழி ரொம்ப சிம்பிள் பாஸ். நீங்க, நான், நம்ம ஃப்ரெண்ட், மூணு பேரும் டீக்கடையில் சாப்பிட்டோம். எனக்கு 20, உங்களுக்கு 35, ஃப்ரெண்டுக்கு 15. நாலாவதா ஒரு சீட்டில் மொத்தம் 70-ன்னு எழுதி வைக்கிறோம். யாரோ ஒருத்தர் சீட்டு தொலைஞ்சு போச்சு. மத்த ரெண்டையும் மொத்தத்திலிருந்து கழிச்சா தொலைஞ்ச கணக்கு கையில வந்துடும். ரெய்டு 5-ங்கறது கிட்டத்தட்ட இதுதான். அந்த 'மொத்தம்' சீட்டுக்காக ஒரு டிஸ்க் அளவு இடம் செலவு. (நிஜத்தில் அந்தச் சீட்டு ஒரே டிஸ்க்கில் இருக்காது, எல்லாவற்றிலும் மாறி மாறி உட்காரும். கூட்டலுக்குப் பதில் எக்ஸ்-ஆர். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் கப் வாங்கியவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம்.)

இப்ப அந்த ஆரஞ்சு விளக்குக்கு வாங்க. ஒரு சீட்டு ஏற்கெனவே தொலைஞ்சாச்சு. இன்னும் ஒண்ணு தொலைஞ்சா? கழிக்க ஒண்ணுமே இல்லை. ஆறு வருஷப் படமும் அம்பேல். டிஸ்க் எப்ப செத்ததுன்னு சர்வரின் பதிவைத் திறந்து பார்த்தோம். ஏழு மாசம் முன்னாடி! சர்வர் பாவம் 'கீ... கீ...'ன்னு கத்தியிருக்கு. சத்தம் தொந்தரவா இருக்குன்னு யாரோ அலாரத்தை ஆஃப் பண்ணிட்டாங்க. படம் ஒழுங்கா வந்துக்கிட்டே இருந்ததால யாருக்கும் சந்தேகமே வரலை. ரெய்டின் பெரிய நல்ல குணமும் இதுதான், பெரிய ஆபத்தும் இதுதான்னு தோணுது. ஒரு டிஸ்க் செத்தாலும் வீட்டில் எழவுச் சத்தமே கேட்காது.

"செத்த டிஸ்க்கை எடுத்துட்டுப் புதுசு மாட்டிடலாமாக்கா?"ன்னேன். எந்த இன்ஜினீயரிங் ஸ்டூடன்டும் அதைத்தான் கேட்பார். அக்கா தலையாட்டினார். புதுசு மாட்டினால் சர்வர் மற்ற மூணு டிஸ்க்கையும் முதல் புள்ளியிலிருந்து கடைசி வரை படித்துத்தான் காணாமல் போனதைக் கணக்குப் போட்டு எழுதும். ஆறு வருஷம் ஓடிக் களைத்த டிஸ்க்குகளுக்கு அது மாரத்தான். நடுவில் ஓர் இடம் படிக்க முடியாமல் போனாலே சில கார்டுகள் மொத்த வேலையையும் நிறுத்திவிடும். அதுவே ஃபைல் ஃபைலா வெளியே காப்பி எடுத்தால், படிக்க முடியாத இடத்தில் ஒரு படம்தான் போகும். மத்ததெல்லாம் தப்பிக்கும். "நோயாளி மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போதே எல்லாத்தையும் எழுதி வாங்கிடணும். ஆபரேஷன் அப்புறம்"னார்.

அதனால் புது சர்வரின் அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. கொண்டுபோன 8 டெரா பைட் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டி, முதலில் கடைசி மூணு வருஷம், பிறகு பழசுன்னு வரிசை போட்டு காப்பியை ஆரம்பித்தோம். மொத்தம் 5 டெரா பைட். அரை எம்பி, அரை எம்பியா கோடி ஃபைல்! பெரிய ஃபைலா இருந்தா பதிமூணு மணி நேரத்தில் முடியற சமாச்சாரம். குட்டிக் குட்டியா இருந்ததால ரெண்டு ராத்திரி இழுத்தது. அந்த ரெண்டு ராத்திரியும் நாங்க மூணு பச்சை விளக்கைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம். டிஸ்க் லேசா 'டிக்'ன்னா எனக்கு வயித்தைக் கலக்கும். அக்கா முறுக்கு சாப்பிட்டார். முடிந்ததும் ரெண்டு பக்கமும் செக்சம் போட்டு ஒப்பிட்டோம். பதினோரு படம் தவிர எல்லாம் பத்திரம்.

அப்பாடான்னு புது சர்வர் பக்கம் வந்தால் அங்கே ஒரு பட்டிமன்றம்.

எட்டு டிஸ்க், ஒவ்வொன்றும் 8 டெரா பைட். ஆக 64. பாதுகாப்பே வேண்டாம்னு ரெய்டு 0 போட்டா 64-ம் கிடைக்கும். ஒரு டிஸ்க் போனாலும் மொத்தமும் போகும். அதை மேனேஜரே வேண்டாம்னுட்டார். ரெய்டு 5 போட்டா 56. ரெண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் போனாலும் தாங்குற ரெய்டு 6 போட்டா 48. ஜோடி ஜோடியா நகல் எடுக்கிற ரெய்டு 10 போட்டா 32. (டேட்டாபேஸ் மாதிரி ஓயாமல் எழுதற வேலைக்கு அது ராஜா. எழுதி வச்சு எப்பவாவது பார்க்கிற படத்துக்கு அவ்வளவு தேவையில்லை.) மேனேஜருக்கு 56 மேல கண்ணு. அக்கா சொன்னது ரெய்டு 6, அதுவும் ஏழு டிஸ்க்கில் மட்டும். எட்டாவது சும்மா உட்கார்ந்திருக்கும். யாராவது விழுந்தா உடனே களத்தில் இறங்குற பன்னிரண்டாவது ஆட்டக்காரர். அதுக்குப் பேர் ஹாட் ஸ்பேர்.

"காசு போட்டு வாங்கி ஒண்ணைச் சும்மா உட்கார வைக்கிறதா?"ன்னு அவர் கேட்டதில் தப்பில்லை. அக்கா ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். 8 டெரா பைட் டிஸ்க் ஒண்ணு செத்து, புதுசில் எல்லாத்தையும் திருப்பி எழுதணும். நொடிக்கு 200 எம்பி வேகம்னு தாராளமா வச்சுக்கிட்டாலும் பதினோரு மணி நேரம். ஸ்கேன் வேலையும் நடுவில் ஓடினா ஒரு நாள், ஒன்றரை நாள். அவ்வளவு நேரமும் ரெய்டு 5 கயிறு இல்லாம கிணத்துக்குள்ள இறங்கின கதைதான். மீதி ஏழு டிஸ்க்கிலும் 56 டெரா பைட்டையும் ஒரு பிழையில்லாமல் படிச்சாகணும். சாதாரண டிஸ்க்குகளின் தகவல் தாளில், 12.5 டெரா பைட் படிச்சா ஒரு இடம் படிக்க முடியாமல் போகலாம் என்பதுதான் கம்பெனி தர்ற வரம்பு. சர்வருக்கான நல்ல டிஸ்க்குன்னா 125. நிஜத்தில் இதைவிட நல்லாவே ஓடும்னாலும், அந்த அம்மாவின் புள்ளியை இதை நம்பி விட முடியுமா?

கடைசியா அக்கா கேட்ட ஒரே கேள்விதான் வேலை செஞ்சது. "ஆறு வருஷத்துல அஞ்சு டெரா பைட்தான் ரொம்பியிருக்கு சார். புது சிடி மெஷின் வந்து மூணு மடங்கு ஆனாலும் ஆறு வருஷத்துக்குப் பதினஞ்சு. 56 எதுக்கு?" மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தால் சம்மதம்னு அர்த்தமாம்!

சரி, 28 கணக்கை முடிச்சுடலாம். பாதுகாப்புச் சீட்டுக்கு ரெண்டு டிஸ்க், 16. ஸ்பேர் ஒண்ணு, 8. ஆக 24 போய் மீதி 40. ஆனா ஸ்கிரீனில் 36 சொச்சம். டிஸ்க் செய்யறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, விண்டோஸ் 1024, 1024-ஆ எண்ணுது. 40 கெஜம் துணி வாங்கி மீட்டரில் அளந்தா எவ்வளவு வரும்? அதே 36 சொச்சம்தான். துணி குறையலை சார்!

அப்புறம் செட்டிங்ஸ். பல விஷயத்தை வேகமா தாண்டிடலாம். ரெண்டு மட்டும் சொல்றேன். ஒண்ணு, ஃபார்மேட் பண்ணும்போது துண்டு அளவுன்னு ஒரு கட்டம் வரும். வழக்கமான என்.டி.எஃப்.எஸ்-ஸில் அதை 4 கேபின்னு வச்சா டிரைவ் 16 டெரா பைட்டைத் தாண்டி வளரவே வளராது. நாங்க 64 கேபி வைத்தோம். பின்னால மாத்தணும்னா மொத்தத்தையும் காலி பண்ணணும். கல்யாணத்துக்கு முன்னாடி யோசிக்க வேண்டிய விஷயம். இன்னொண்ணு, நம்ம ஊர் கரன்ட். ரெய்டு கார்டில் சின்னதா ஒரு மெமரி இருக்கும். எழுத வேண்டியதை அங்கே வாங்கி வச்சுக்கிட்டு 'எழுதியாச்சு'ன்னு முன்கூட்டியே சொல்லிடும். வேகம் பறக்கும். அந்த நொடியில் கரன்ட் போனா? கார்டுக்குன்னு தனி பேட்டரி இருந்தா மட்டும்தான் அந்த வேகத்தை ஆன் பண்ணணும். யூ.பி.எஸ். இருக்கேன்னு நம்பக் கூடாது. அங்கே யூ.பி.எஸ்-ஸில் செல்போன் சார்ஜர் ஏழு தொங்கிக்கிட்டிருந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி. புது சர்வர் தயார், ஆனா உள்ளே இன்னும் டேட்டா இல்லை. அக்கா என்னைக் கூப்பிட்டு, "மூணாவது டிஸ்க்கை உருவு"ன்னார். ஓடிக்கிட்டு இருக்கும்போதா? "பின்னே, நிஜமா சாகும்போது உன்கிட்ட பர்மிஷன் கேக்குமா?" கண்ணை மூடி உருவினேன். 'கீ...'ன்னு கத்தியது. ஆரஞ்சு விளக்கு. பத்தே நொடியில் எட்டாவது ஆட்டக்காரர் களத்தில் இறங்க, பச்சை கண் சிமிட்ட ஆரம்பித்தது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்ச வேலை மறுநாள் காலை எட்டுக்கு முடிந்தது. அந்தப் பதினஞ்சு மணி நேரத்துக்குள்ள மேனேஜர், டெக்னீஷியன், எங்க ஆபீஸ்னு மூணு இடத்துக்கும் எச்சரிக்கை மெயில் போய்ச் சேர்ந்ததான்னும் பார்த்தோம். மேனேஜருக்கு ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்திருந்தது. அதையும் சரி பண்ணினோம்.

ஒவ்வொரு ட்ரேயிலும் அந்தந்த டிஸ்க்கின் சீரியல் நம்பரில் கடைசி நாலு எழுத்தை எழுதி ஒட்டினேன். செத்ததை விட்டுட்டு நல்லதை உருவிடற கூத்து இந்தத் தொழிலில் சகஜமாம். சர்வர் மேலே பெரிய எழுத்தில் ஒரு பேப்பரும் ஒட்டியிருக்கிறோம். 'ஆரஞ்சு விளக்கு எரிந்தால் உடனே போன் செய்யவும். சத்தத்தை நிறுத்த வேண்டாம்.' நைட் வாட்ச்மேன் தாத்தா வரைக்கும் காட்டியாச்சு. மெயிலைவிட எனக்குத் தாத்தா மேல நம்பிக்கை ஜாஸ்தி.

"இவ்வளவு பண்ணிட்டீங்க, இனி பேக்கப் வேண்டாமில்ல?"ன்னு மேனேஜர் கேட்டார் பாருங்க... அக்கா முகம் போன போக்கு! ரெய்டு டிஸ்க் சாவுக்கு மட்டும்தான் மருந்து. யாராவது ஒரு ஃபைலை அழிச்சா, அத்தனை டிஸ்க்கிலும் ஒத்துமையா அழியும். வைரஸ் பூட்டுப் போட்டாலும் அப்படித்தான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை சர்வர்களை அப்படித்தான் முடக்கினார்கள். பல நாள் பேனா, பேப்பரில் வேலை ஓடியது. தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் இ-ஹாஸ்பிடல் டேட்டா திரும்பக் கிடைத்தது. தீ வந்தா? தென்கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26-ம் தேதி அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைக்கிற ஜி-டிரைவ், 858 டெரா பைட், மொத்தமும் சாம்பல். அதுக்கு வெளியில் நகலே இல்லை!

எங்க ஆஸ்பத்திரியில் இப்போ தினமும் ராத்திரி, பின்கட்டிடத்தில் இருக்கும் ஒரு சின்ன பெட்டிக்குப் புதுப் படங்கள் நகலாகும். வாரம் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், ஆஸ்பத்திரி ஓனர் டாக்டரின் வீட்டு பீரோவுக்குப் போகும். நாங்க கிளம்பும் முன்னால, அந்த டிஸ்க்கிலிருந்து 2021-ல் எடுத்த ஒரு சிடியைக் கண்ணை மூடித் தேர்ந்தெடுத்து, ரேடியாலஜி டாக்டரின் ஸ்கிரீனில் திறந்து காட்டினோம். அவர் படத்தை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துட்டு, "இருக்கு"ன்னு ஒரே வார்த்தை சொன்னார்.

பாக்கி இருந்தது பழைய நாலு டிஸ்க். எடைக்குப் போட்டுடலாம்னு யாரோ சொல்ல, அக்கா விடவில்லை. டெலீட் பண்ணினாலும் உள்ளே படமும் பேரும் இருக்கும், பழைய இரும்புக் கடையில் வாங்குற யாரும் தோண்டி எடுக்கலாம். ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியன் அண்ணன் டிரில் மெஷினோடு வந்தார். எலும்பு டாக்டர் எட்டிப் பார்த்து, "என்கிட்டயும் டிரில் இருக்கு, தரட்டுமா?"ன்னு கேட்டுட்டுப் போனார். ஒவ்வொன்றிலும் மூணு ஓட்டை. செத்த டிஸ்க்கை மட்டும் முழுசா கழற்றி, உள்ளே இருந்த ரெண்டு காந்தத்தை நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். இப்ப ஹாஸ்டல் ஸ்டீல் பீரோவில், எங்க டைம் டேபிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஒட்டினா ஒட்டினதுதான் பாஸ். பிரிச்சு எடுக்க ரூம்மேட் ரெண்டு பேர் வேணும்.